சிக்காகோவுக்குப் போகாத சுபாஸ்கரன்

என் அக்கா கமலேஸ்வரியின் கணவர் சுபாஸ்கரனைப் பற்றிச் சொல்லத் தொடங்குமுன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். அவர் சிக்காகோவுக்குப் போனதில்லை. அமெரிக்காவுக்கே போனதில்லை. விமானம் மாறுவதற்குக்கூட அங்கே இறங்கியதில்லை. கிழக்கு லண்டன் தமிழர்களில் பாதிப் பேர் இதை இன்னும் நம்ப மறுப்பதால்தான் முதல் பந்தியிலேயே எழுதி வைக்கிறேன். மற்றப் பாதிப் பேரை நம்ப வைப்பதற்குள் எங்களுக்கு உயிர் போய் வந்தது.

அத்தானுக்குக் கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் ஒரு பொரித்த கோழிக் கடை இருக்கிறது. ‘சிக்காகோ ஸ்டார் சிக்கன்’ என்று பெயர். பெயரை அவர் வைக்கவில்லை. கடையை வாங்கும்போதே பலகை மேலே இருந்தது. இந்த நகரத்தில் கோழிக் கடைகளுக்கு அமெரிக்க ஊர்ப் பெயர் வைப்பது ஒரு வழக்கம். உள்ளே நின்று பொரிக்கிறவர் யாழ்ப்பாணத்தாராகவோ லாகூர்க்காரராகவோ இருப்பார், வெளியே பலகையில் ஏதாவதொரு அமெரிக்க மாநிலம் இருக்கும். ஒருவரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அத்தானின் பலகையில் சிக்காகோ என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சுதந்திர தேவி வேறு, தீப்பந்தத்துக்குப் பதிலாகக் கோழிக்காலைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறாள். அந்தச் சிலை நியூயோர்க்கில் அல்லவா இருக்கிறது என்று நான் ஒருமுறை கேட்டேன்.

“முதல் சிக்காகோவிலைதான் இருந்தது. நியூயோர்க்காரர் கெஞ்சிக் கேட்டு வாங்கிக்கொண்டு போனவங்கள்” என்றார். கண்கூட இமைக்கவில்லை. பச்சைப் பொய். என் அத்தானோடு கதைக்கும்போது எனக்குக் கோபம் வருவது இப்படியான இடங்களில்தான்.

இந்தப் பொய்கள் தொடங்கிய நாளில் நானும் கடையில் நின்றேன். நான் எலெக்ட்ரீசியன், பொரிக்கிற இயந்திரத்தின் வயரைப் பார்க்க வந்திருந்தேன். மழை பெய்த சனிக்கிழமை, வரிசை வாசல்வரை நின்றது. முன்னால் நின்ற பஸ் டிரைவர் பலகையைக் காட்டி, நீ சிக்காகோவோ என்று சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார். அத்தான் “ஓம், அங்கை அஞ்சு வருசம் இருந்தனான்” என்பதை ஆங்கிலத்தில் சொன்னார். போனைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை தலைகளும் நிமிர்ந்தன. ஊர் எப்படி என்று டிரைவர் கேட்டார். அத்தான் வெளியே மழையைப் பார்த்து யோசித்துவிட்டு, சரியான காத்து என்றார். சிக்காகோவைக் காற்று நகரம் என்று உலகமே சொல்வது அப்போது அவருக்குத் தெரியாது. வாய்க்கு வந்தது சரியாக அமைந்துவிட்டது. அன்றிலிருந்து மனிதரைப் பிடிக்க முடியவில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து போன பிறகு இரவுச் சாப்பாட்டுக் கூட்டம் வரும்வரை கடை சும்மா கிடக்கும். அந்த நேரத்தில் போனைக் கோழிப்பெட்டி அடுக்கில் சாய்த்து வைத்துவிட்டு சிக்காகோவைப் பற்றி வாசிக்கத் தொடங்கினார். மற்ற ஆட்கள் அந்த நேரத்தில் கிரிக்கெட் பார்ப்பார்கள். இவர் ஆயிரத்து எண்ணூற்றி எழுபத்தொன்றில் சிக்காகோ எரிந்ததைப் பற்றி வாசித்தார்.

அந்தத் தீயைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. ஒரு ஏழைப் பெண் மாட்டுக் கொட்டிலில் விளக்கை வைத்தாளாம், மாடு அதை உதைத்ததாம், நகரம் பற்றி எரிந்ததாம். நூறு வருடத்துக்கு மேல் அந்தப் பெண்ணும் மாடும் பழியைச் சுமந்தபின் நகரசபை கூடி, இருவரும் குற்றமற்றவர்கள் என்று தீர்மானம் போட்டது. இதை வாசித்த அன்று அத்தானுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “மாடு செத்துப்போச்சு மச்சான். தான் செய்யேல்லை எண்டு தெரியாமலே செத்துப்போச்சு” என்று என்னிடம் சொன்னார். மாடுகளுக்கு அது பெரிய விஷயமில்லை என்று நான் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

பிறகு கலியாண வீடு, செத்த வீடு, கோயில் மடம் என்று எங்கே நான்கு பேர் கூடினாலும் அத்தான் சிக்காகோவை அவிழ்த்துவிட்டார். சேற்றுக்குள் தாழ்ந்துகொண்டிருந்த கட்டடங்களைக் கார் டயர் மாற்றுவது மாதிரி ஜாக்கி கொடுத்துத் தூக்கினார்கள் என்பார். அது உண்மை. தூக்குகிறபோது ஹொட்டேலுக்குள் இருந்தவர்கள் ஒன்றும் தெரியாமல் படுத்திருந்தார்கள் என்பார். அதுவும் சொல்லப்படுகிற கதைதான். அந்த ஹொட்டேலில் யாழ்ப்பாணத்துக் கரவெட்டிக்காரர் ஒருவர் குசினியில் சமைத்துக்கொண்டு நின்றார் என்பார். அது அத்தானின் சொந்த வேலை. தன் ஆட்டையும் கூட்டிக்கொண்டு பேஸ்போல் ஆட்டம் பார்க்க வந்த ஒரு மதுக்கடைக்காரரை வெளியே போகச் சொன்னதால் அவர் சாபம் போட்டதையும், அந்த ஊர் அணி எழுபது வருடமாகக் கிண்ணத்தைத் தொடாமல் கிடந்ததையும் ஒரு செத்த வீட்டில் சொன்னார். பிரேதத்துக்குப் பக்கத்தில் நின்ற மூத்த மகன் சிரித்துவிட்டான்.

சுவாமி விவேகானந்தர் பேசிய நகரம் என்பதால் கோயில்காரர்களும் இவரைக் கூப்பிட்டார்கள். “அவர் பேசின மண்டபத்துக்குப் பக்கத்திலைதான் என்ரை றூம்” என்று மைக்கில் சொன்னார். சால்வை போர்த்தினார்கள். அக்கா அந்தச் சால்வையை மடித்து அலமாரியில் வைத்தபோது அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

உண்மையில் அந்த ஐந்து வருடமும் அவர் ஜேர்மனியில் இருந்தார். அக்காவுக்கும் எனக்கும் அது தெரியும். அங்கே ஒரு ரெஸ்ரோரன்றில் வேலை என்பதற்கு மேல் எங்களுக்கும் தெரியாது, அவரும் சொன்னதில்லை. பிறகு பலரைப் போல லண்டனுக்கு வந்தார், அக்காவைக் கட்டினார், மகள் பிரியந்தி பிறந்தாள். சிக்காகோப் பேச்சு எழும்போது நாங்கள் மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. அவ்வளவு நாளும் அதனால் ஒருவருக்கும் கேடு வரவில்லை.

கேடு பிரியந்தியின் கலியாணத்தில் வந்தது. அவளுக்கு இருபத்தெட்டு வயது, கண் பரிசோதகராக வேலை. கூடப் படித்த டெனுசனை விரும்பினாள். பையன் நல்லவன், தகப்பன் பத்மநாதன் லண்டனின் மற்ற மூலையில், ரெய்னர்ஸ் லேனில் வீடு விற்கிற தொழில் செய்கிறார். ஒரு பழைய காரை வாங்குவதென்றாலும் முதல் வைத்திருந்தவனின் தகப்பன் பெயரைக் கேட்கிற ஆள். அவர் சம்பந்தத்துக்கு மறுப்புச் சொல்லவில்லை. “விசாரிச்சுப்போட்டுச் சொல்லுறன்” என்று மட்டும் சொன்னார்.

இந்த விசாரணை எங்கள் சனத்துக்கே உரியது. பொம்பிளை, மாப்பிள்ளை இருவரையும் ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர்களின் தகப்பன்மார் எந்த ஊரில், எந்த நாட்டில், எந்த வீட்டில் இருந்தார்கள் என்று போன் போட்டுக் கேட்பார்கள். நோர்வேயில் மீன் வெட்டியவரும் சுவிஸில் நிலம் துடைத்தவரும் ஒரு போனுக்குள் அகப்பட்டுவிடுவார்கள். ஒளிக்க இடமே கிடையாது. பத்மநாதனின் அக்கா தவமலர் நாற்பது வருடமாக சிக்காகோவில் இருக்கிறார். தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பத்மநாதன் அவருக்குப் போன் போட்டார். தவமலர் கோயிலில் கேட்டார், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கேட்டார், பழைய ஆட்களை எல்லாம் தேடிப் பிடித்துக் கேட்டார். கோண்டாவில் ஊர்ச் சுபாஸ்கரன் என்று ஒருவரை அங்கே ஒரு குருவிக்கும் தெரியாது.

சாதாரண மனிதர் என்றால், இவர் அங்கே போயிருக்க மாட்டார் என்றுதானே நினைப்பார்கள். எங்கள் ஆட்கள் அப்படி நினைக்கவில்லை. ஐந்து வருடம் ஒரு நகரத்தில் இருந்தும் ஒரு தமிழன் கண்ணிலும் படாமல் இருக்க இரண்டே வழிதான் உண்டு என்று முடிவு கட்டினார்கள். ஒன்று, ஜெயில். மற்றது, வெள்ளைக்காரியோடு தனிக்குடித்தனம். ரெய்னர்ஸ் லேனில் ஜெயில் கட்சி பலமாக இருந்தது. எங்கள் பக்கத்து ஃபாரஸ்ட் கேட்டில் வெள்ளைக்காரிக் கட்சி. கலியாணப் பேச்சு அப்படியே நின்றுபோயிற்று. பத்மநாதன் போனை எடுப்பதை நிறுத்தினார்.

அக்கா அழுதுகொண்டே இதை அத்தானிடம் சொன்னாள். நானும் இருந்தேன். அத்தான், “என்ன குற்றத்துக்கு உள்ளை போனதெண்டு சொல்லுகினம்?” என்று கேட்டார். குரலில் ஒரு துளி பெருமை இருந்தது. அக்கா கையிலிருந்த அகப்பையை எறிந்தாள். குறி தப்பவில்லை.

பிரியந்தி கத்தவில்லை, அழவுமில்லை. படிக்கட்டில் இருந்தபடி, “அப்பா, ஜஸ்ட் டெல் தெம். நீங்கள் போகேல்லை எண்டு சொல்லுங்கோ. ப்ளீஸ்” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அத்தான் அகப்பை பட்ட நெற்றியைத் தடவிக்கொண்டே போனை எடுத்தார்.

என் போனிலிருந்து அடித்ததால் பத்மநாதன் எடுத்துவிட்டார். அத்தான் தான் சிக்காகோவுக்கு ஒருநாளும் போனதில்லை என்று சொன்னார். போன் ஸ்பீக்கரில் இருந்தது. பிறகு பத்மநாதனின் குரல் கேட்டது.

“அண்ணை, என்ரை மச்சானின்ரை கலியாணத்திலை நீங்கள் சிக்காகோ ஆத்தைத் திருப்பின கதையை ஒரு மணித்தியாலம் சொன்னனீங்கள். நான் பக்கத்திலை இருந்தனான். போகாத ஆள் அப்பிடிக் கதைக்க ஏலாது.”

“வாசிச்சதுதான்.”

“சரி. அப்ப அந்த அஞ்சு வருசமும் எங்கை இருந்தனீங்கள்?”

“இஞ்சை… உந்தப் பக்கம்தான்” என்றார் அத்தான்.

“உந்தப் பக்கமெண்டால்?”

அத்தான் போனை வைத்துவிட்டார். ஜேர்மனி என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று அக்கா கத்தினாள். “சொன்னால் அங்கை என்ன செய்தனீங்கள் எண்டு கேப்பினம்” என்றார் அத்தான். அதற்கு மேல் ஒரு சொல் பிடுங்க முடியவில்லை. ரெய்னர்ஸ் லேனில் ஜெயில் கட்சி இன்னும் பலமானது.

அடுத்த கிழமையே பத்மநாதன் தகவல் அனுப்பினார். தன் அக்கா தவமலர் லண்டனுக்கு வருகிறார், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீட்டுக்கு வந்து தானே நேரில் கதைத்துப் பார்ப்பார், அவர் சொல்கிறதுதான் முடிவு. எங்களுக்கு உயிர் வந்தது. விஷயம் சுலபமாகத் தெரிந்தது. சிக்காகோவைப் பற்றி அந்த மனிசி எதைக் கேட்டாலும் அத்தான் தெரியாது என்று சொல்ல வேண்டும். போகாத ஆளுக்குத் தெரியாதுதானே.

நாங்கள் கணக்கில் எடுக்காத ஒன்று, அத்தான் தன் வாழ்நாளில் அந்தச் சொல்லைச் சொன்னதே இல்லை என்பது. தெருவில் யாராவது வழி கேட்டால், தெரியாத இடத்துக்கும் வழி சொல்லுவார். ஒருமுறை வைத்தியசாலைக்குப் போக வேண்டிய குடும்பத்தை ஐக்கியா தளபாடக் கடைக்கு அனுப்பிவைத்தார். அவர்கள் ஒரு அலமாரியோடு திரும்பி வந்தார்கள். அப்படிப்பட்ட மனிதரை உட்கார வைத்து நான் ஒத்திகை பார்த்தேன். நான்தான் தவமலர். தலையில் அக்காவின் சால்வையைப் போட்டுக்கொண்டேன்.

“சிக்காகோவிலை ஒரு ஆறு இருக்காமே?”

அத்தான் கண்ணை மூடிக்கொண்டார். “தெரி…” என்றார். கழுத்து நரம்பு புடைத்தது. “தெரி… அது முந்தி வாவிக்குள்ளைதான் போய் விழுந்தது மச்சான். ஊர்க் கழிவெல்லாம் குடிக்கிற தண்ணியிலை கலக்குதெண்டு கால்வாய் வெட்டி ஆத்தையே மற்றப் பக்கம் திருப்பி விட்டவங்கள். இப்ப பின்னுக்கு ஓடுது.”

“அத்தான், நாசமாக்காதேங்கோ. திரும்ப. வருசத்திலை ஒருநாள் அந்த ஆத்துக்கு என்ன செய்யிறவை?”

“தெரி… தெரி… பச்சைச் சாயம் கலக்கிறவை.”

“உங்களுக்கு மகள் முக்கியமோ ஆறு முக்கியமோ?”

“மகள்தான். ஆனால் அவங்கள் கலக்கிற சாயம் முதல் ஓரேஞ்சு நிறமாத்தான் விழும். பேந்துதான் பச்சையாகும். அது தெரியுமோ உனக்கு?”

நான் சால்வையைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். கடைசியில் அக்காவே ஒரு வழி கண்டுபிடித்தாள். தவமலர் கேள்வி கேட்கிறபோதெல்லாம் அத்தானின் வாய்க்குள் ஒரு ரோல்ஸ் இருக்க வேண்டும். தலையை மட்டும் இல்லை என்று ஆட்டினால் போதும். சனிக்கிழமை முழுவதும் அக்கா மட்டன் ரோல்ஸ் சுருட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மூவர் வந்தார்கள். பத்மநாதன் கோட்டுப் போட்டிருந்தார். டெனுசன் பழப்பெட்டியைத் தூக்கியபடி, தன்னைத்தான் ஜெயிலில் போடப்போகிறார்கள் என்கிற முகத்தோடு நின்றான். தவமலர் சின்ன உருவம், நரைத்த குட்டைத் தலைமுடி, காலில் ஓட்டப் பயிற்சிச் சப்பாத்து. கதிரையில் இருந்ததும் சுற்றுமுற்றும் பார்க்காமல் நேரே அத்தானைப் பார்த்தார். முப்பது வருடம் கடிதம் பிரித்தவர் பார்க்கிற பார்வை அது.

“அண்ணைக்குச் சிக்காகோவிலை நல்ல பழக்கமாம் எண்டு கேள்வி” என்று தொடங்கினார்.

அக்கா தட்டை நீட்டினாள். அத்தான் ரோல்ஸைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். தவமலர் ஆற்றைப் பற்றிக் கேட்டார். அடுத்த ரோல்ஸ், அடுத்த தலையாட்டல். கட்டடங்களைத் தூக்கியதைக் கேட்டார். அத்தானின் கண்ணில் தண்ணீர் முட்டியது, ஆனால் தலை ஆடியது. பிரியந்தி வாசல் நிலையில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பத்மநாதனின் புருவம் மெல்ல இறங்கியது. எனக்கு நம்பிக்கை வந்தது.

பிறகு தவமலர் வேண்டுமென்று சொன்னாரோ தற்செயலாகச் சொன்னாரோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. “அந்த ஊர் முழுக்க ஒருக்கால் எரிஞ்சது. எல்லாம் ஒரு மாட்டாலை. அறுதலி மாடு, விளக்கைத் தட்டி விட்டுட்டுது” என்றார்.

அத்தான் மெல்லுவதை நிறுத்தினார். அக்கா அவசரமாக இன்னொரு ரோல்ஸை எடுத்தாள். அத்தான் அவள் கையை விலக்கிவிட்டு வாயிலிருந்ததை விழுங்கினார்.

“மாடு செய்யேல்லை” என்றார்.

அதற்குப் பிறகு அணை உடைந்துவிட்டது. பழியைப் போட்டவன் பத்திரிகைக்காரன் என்றார், அந்தப் பெண் பால் விற்றுப் பிழைத்த ஏழை, அயர்லாந்திலிருந்து வந்தவள், வந்தான் வரத்தான் என்பதால் எல்லோரும் சேர்ந்து அவள் தலையில் கட்டிவிட்டார்கள் என்றார். அவள் சாகும்வரை வெளியே முகம் காட்டவில்லை என்றார். நகரசபைத் தீர்மானத்தைச் சொன்னபோது எழுந்து நின்றார். ஆட்டுக்குப் போனார், ஆற்றுக்குப் போனார், கட்டடங்களை ஒவ்வொன்றாக ஜாக்கியில் ஏற்றினார். சட்டை முன்பக்கம் முழுவதும் ரோல்ஸ் தூள்.

“போகாத ஆளாம்” என்று பத்மநாதன் தன் அக்காவிடம் மெதுவாகச் சொன்னார். “மாட்டுக்காகக் கண்கலங்குறார்.”

பிரியந்தி குசினிக்குள் போனாள். குழாயில் தண்ணீர் ஓடத் தொடங்கியது. கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அத்தானுக்கும் தெரியும். அவர் கதிரையில் தொப்பென்று இருந்தார். டெனுசன் குசினிப் பக்கம் பார்த்தான், தகப்பனைப் பார்த்தான், எழும்பத் துணியவில்லை. அந்த நேரத்தில் அத்தானை இரண்டு அறை அறைய வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதே நேரம் பாவமாகவும் இருந்தது.

தவமலர் மட்டும் அவசரப்படவில்லை. தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கேட்டார்.

“அது சரி அண்ணை. மீன் எங்கை வாங்கினனீங்கள்?”

“என்ன?”

“சிக்காகோவிலை. மீன். எந்தக் கடையிலை?”

அத்தான் வாயைத் திறந்தார். பெயர்கள் வரிசையில் வந்து நிற்பதை அவர் முகத்திலேயே நான் பார்த்தேன். எதைச் சொல்லியிருந்தாலும் பத்மநாதனுக்குப் பொய்யென்று தெரிந்திருக்காது. தண்ணீர் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் குசினி வாசலைப் பார்த்தார்.

“தெரியாது” என்றார்.

அக்கா என் கையைப் பிடித்தாள். எங்கள் இருவருக்கும் அந்தக் குரலில் அந்தச் சொல்லைக் கேட்பது அதுதான் முதல் தடவை.

“முருங்கைக்காய்?”

“தெரியாது.”

“தலைமயிர் வெட்டினது ஆரிட்டை?”

“தெரியாது.”

“பனி சினோவாய்க் கொட்டினால் றோட்டிலை கார் விடுற இடத்தை நாங்களே வெட்டித் துப்பரவாக்க வேணும். வெட்டிப்போட்டு வேலைக்குப் போனால் வேற ஆள் கொண்டுவந்து விட்டிடுவான். அதுக்கு என்ன செய்யிறது?”

“தெரியாது” என்றார் அத்தான். பிறகு நெற்றி சுருங்கியது. கொஞ்சம் முன்னுக்குக் குனிந்தார். “என்ன செய்யிறது?”

“கதிரை வைக்கிறது.”

“றோட்டிலையோ?”

“ஓம். வீட்டிலை கால் உடைஞ்ச கதிரை இருந்தால் அது. இல்லாட்டில் உடுப்புக்கு ஸ்திரிக்கை போடுற பலகை. அதை வைச்சிட்டால் அந்த இடம் எங்கடை. ஒருத்தரும் எடுக்கமாட்டினம்.”

“பொலிஸ் பிடிக்காதோ?”

“சும்மா பாத்துக்கொண்டு போவினம்.”

“என்ரை கடவுளே” என்றார் அத்தான். “எங்கையும் வாசிக்கேல்லையே. எடுத்தால் என்ன செய்வினம்?”

“எடுத்தவன்ரை காருக்கு மேலை தண்ணி ஊத்தி விட்டிடுவினம். காலமை பாத்தால் கார் முழுக்க ஐஸ்.”

அத்தான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார். கலியாணம், மகள், ஜெயில் எல்லாம் அவருக்கு மறந்துபோயிற்று. கதிரைக்கு வயது எத்தனை இருக்க வேண்டும், நல்ல கதிரையை வைத்தால் களவு போகாதா, கோயில் வாசலிலும் இப்படித்தானா என்று கேட்டுக்கொண்டே போனார். தவமலர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு கோப்பையை வைத்துவிட்டுத் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

“பத்மா, இந்த மனிசன் சிக்காகோப் பக்கம் தலைவைச்சும் படுக்கேல்லை. அஞ்சு வருசம் ஒரு ஊரிலை இருந்த யாழ்ப்பாணத்தானுக்கு மீன் எங்கை விக்குதெண்டு தெரியாமல் இருக்காது. மற்றதெல்லாம் புத்தகத்திலை இருக்கு. நீ கலியாணத்தைப் பேசு.”

“ஜெயிலிலை இருந்தால் மீன் வாங்கியிருக்கமாட்டார் அக்கா” என்றார் பத்மநாதன். விடுகிற ஆள் இல்லை.

“ஜெயிலிலை இருந்து வந்தவன் மாட்டுக்காக எழும்பி நிண்டு கதைக்கமாட்டான்” என்றார் தவமலர். அவருக்கு அதில் எங்கிருந்து அனுபவம் என்று நான் கேட்கவில்லை. “ஆனால் அண்ணை, அந்த அஞ்சு வருசமும் எங்கை எண்டதைச் சொல்லுங்கோ. சொன்னால் இவனும் நிம்மதியாய் நித்திரை கொள்ளுவான்.”

அத்தான் சட்டையிலிருந்த ரோல்ஸ் தூளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். “ஜேர்மனி. ஹாகன். ஒரு ரெஸ்ரோரன்றுக்குக் கீழை கோப்பை கழுவினனான்.”

“அதுக்கென்ன? நாங்களும்தானே கழுவினனாங்கள். இதை ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?” என்றார் பத்மநாதன்.

“ஒளிக்கேல்லை. அதைப் பற்றிச் சொல்ல ஒண்டுமில்லை” என்றார் அத்தான். “காலமை கீழை இறங்கினால் இரவுதான் மேலை வாறது. அஞ்சு வருசத்திலை ஒருத்தரும் நிண்டு என்னோடை ஒரு கதை கதைச்சதில்லை. சிக்காகோ எண்டு சொன்னாப்போலைதான் திரும்பிப் பாத்தவங்கள்.”

பத்மநாதன் போனை எடுத்துக்கொண்டு வாசல் நடைக்குப் போனார். நம்புகிறது ஒன்று, விசாரிக்கிறது வேறு. ஹாகனில் அவருக்கும் ஒரு சொந்தம் இருந்திருக்கிறது. தேத்தண்ணி ஆறுவதற்குள் திரும்பி வந்தார்.

“இருந்திருக்கிறார். கோண்டாவில் சுபாஸ். அறையிலை எட்டுப் பேர் படுத்தவையாம். இவருக்குக் குறட்டைச் சுபாஸ் எண்டு பேராம். குறட்டை தாங்கேலாமல் மூண்டு பேர் பிரான்சுக்குப் போட்டினமாம்.” கதிரையில் இருந்து காலை நீட்டினார். பல கிழமைக்குப் பிறகு அந்த மனிதர் சிரித்ததைப் பார்த்தேன். “ஆவணியிலை ஒரு நல்ல நாள் பாப்பம் அண்ணை.”

அக்கா அழுதாள், தட்டில் மிச்சமிருந்த ரோல்ஸ் எல்லாவற்றையும் சம்பந்தி முன்னால் தள்ளினாள். டெனுசன் ஒருவழியாக எழும்பிக் குசினிக்குப் போனான். தண்ணீர்ச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் பிரியந்தி வெளியே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். அத்தான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் அவருடைய கதிரைக் கையில் வந்து இருந்தாள்.

“அப்பா, அந்தக் கதையைச் சொல்லுங்கோ.”

“எதை? ஆத்தையோ?”

“இல்லை. கோப்பை கழுவினதை.”

“அதிலை ஒண்டும் இல்லைப் பிள்ளை.”

“இருக்கிறதைச் சொல்லுங்கோ.”

அத்தான் தொண்டையைச் செருமினார். ஹாகன் என்று ஒரு இடம் என்றார். நிலத்துக்குக் கீழே குசினி, ஜன்னல் கிடையாது என்றார். அதோடு நின்றுவிட்டார். ஆட்டையும் ஆற்றையும் மூச்சு விடாமல் சொன்ன மனிதருக்கு அடுத்த வசனம் வரவில்லை. எழும்பிப் போக யாராவது ஆயத்தமாகிறார்களா என்று எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. பிரியந்தி “ம்” என்றாள்.

“முதல் நாள்” என்றார் அத்தான், “நான் ஒரு அடுக்குக் கோப்பையை அப்பிடியே போட்டு உடைச்சுப்போட்டன்.”